7.62 என்றால் எந்த 7.62?

ராணுவத்தைப் பற்றியும் ஆயுதங்களைப் பற்றியும் தமிழில் எழுதியும் பேசியும் வரும் நண்பர்களுக்கு,



ராணுவத்துக்குப் புதிய ரைபிள் வாங்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே நம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் பழைய பல்லவி தொடங்கிவிடுகிறது. 5.56 குண்டு காயப்படுத்தத்தான் செய்யும், 7.62 பட்டால் ஆள் பிழைக்க மாட்டான். 5.56-ஐ உருவாக்கியதே எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்துவதற்குத்தான். அடிபட்டவனைத் தூக்கிப்போக இரண்டு பேர் வேண்டும், ஆக ஒரு குண்டுக்கு மூன்று பேர் களத்தை விட்டுப் போவார்கள். கேட்டுக் கேட்டுக் கல்லூரிப் பிள்ளைகளும் இதை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதை மறுத்துச் சொல்லத்தான் இந்த மடல். காலிபர் எண் குண்டு எவ்வளவு பருமன் என்பதைச் சொல்லும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அந்தக் குண்டு எந்த வேகத்தில் போகிறது, உடலுக்குள் எவ்வளவு ஆழத்தில் புரள்கிறது, உடைகிறதா, முழுசாக வெளியே போகிறதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதன் உள்ளமைப்பும் அதைச் சுட்ட குழலின் நீளமும். நூற்று முப்பது ஆண்டுகளாகப் படைகளும் மருத்துவர்களும் சட்ட வல்லுநர்களும் மல்லுக்கட்டுவது இந்த உள்ளமைப்பைச் சுற்றித்தான். அந்த வழக்கு நம் நாட்டிலிருந்தே கிளம்பியது. (இந்த மடலில் தோட்டா என்றால் வெடிமருந்தும் கூடும் சேர்ந்த முழுப் பொருள், குண்டு என்றால் பறந்து போகும் முனை மட்டும்.)

கல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம் டம் பகுதி உங்களுக்குத் தெரிந்ததுதான். புதிய என்ஃபீல்ட் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு 1857 ஜனவரியில் பரவத் தொடங்கியது அங்கேதான். நாற்பது வருடம் கழித்து அதே ஊர் இன்னொரு தோட்டாவால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது.

பிரிட்டிஷ் ராணுவம் 1888-ல் லீ-மெட்ஃபர்ட் ரைபிளை ஏற்றது. அதற்கு முன்னால் இருந்த மார்ட்டினி-ஹென்றியின் குண்டு 31 கிராம் எடையுள்ள ஈயக்கட்டி. புதிய .303, நம் ஊர்க் காவல் நிலையங்களில் 'த்ரீ நாட் த்ரீ' என்று பிற்பாடு பெயரெடுத்த ரகம், 14 கிராம்தான். ஈயத்தைச் சுற்றிச் செப்பும் நிக்கலும் கலந்த உறை. இந்த உறையை இரக்கப்பட்டுப் போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். புகையில்லா மருந்தான கார்டைட் கொடுக்கும் வேகத்தில் வெறும் ஈயம் குழலின் திருகுவரிகளில் வழிந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் உறை. (அந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே காய்ச்ச நீலகிரியின் அருவங்காட்டில் தொழிற்சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இன்றும் அங்கே வெடிமருந்து தயாராகிறது.)

1895-ல் சித்ரால் படையெடுப்பு. வடமேற்கு எல்லை மலைகளில் லீ-மெட்ஃபர்டால் சுட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் புகார் மேல் புகார் அனுப்பினார்கள்: குண்டு பட்டும் ஆள் விழவில்லை, ஓடி வந்துகொண்டே இருக்கிறான். உருண்டை முனையும் நீண்ட உடலும் கொண்ட அந்தக் குண்டு விநாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் சதைக்குள் நேராக நுழைந்து நேராக வெளியேறியது. எலும்பிலோ பெரிய ரத்தக்குழாயிலோ படாவிட்டால் சிறு துளைதான் மிச்சம். இதயத்தில் பட்டால்கூட மூளையில் இருக்கிற ஆக்சிஜனைக் கொண்டு மனிதன் பத்துப் பதினைந்து விநாடி இயங்க முடியும் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். மலைச்சரிவில் இறங்கி ஓடி வருகிறவனுக்கு அது நிறைய நேரம்.

டம் டம் ஆயுதக் கிடங்கின் பொறுப்பில் இருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-க்ளே இதற்குக் கண்டுபிடித்த மாற்று மிக எளிமையானது. குண்டின் மூக்கில் உறையைச் சற்றுக் குறைத்தார். சுமார் ஒரு மில்லிமீட்டர் ஈயம் வெளியே தெரியும், அவ்வளவுதான். சதையில் பட்டதும் அந்த மென்மையான மூக்கு நசுங்கிக் காளான் குடைபோல விரியும். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில், அதே எல்லையில் நடந்த திராஹ் போரில், அஃப்ரிதி பழங்குடியினர் மீது இந்தக் குண்டு பாய்ந்தது. பின்னர் இங்கிலாந்தின் தொழிற்சாலைகள் மூக்கில் குழி வைத்த தங்கள் சொந்த வடிவங்களைக் கொண்டுவந்தன. அவற்றில் மார்க் 4 என்ற ரகம் தேய்ந்த குழல்களில் வம்பு செய்தது: ஈயம் மட்டும் பறந்து போய், உறை குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த முறை சுடுபவனுக்கு அதோகதி. 1898-ல் சூடானுக்குப் போன படையில், பழைய குண்டுகளே கைவசம் இருந்ததால், சிப்பாய்கள் முகாமில் உட்கார்ந்து அரம் வைத்து முனைகளை ராவினார்கள்.

ஐரோப்பாவில் இதற்கு எழுந்த எதிர்ப்புக்கு ஒரு ஜெர்மன் மருத்துவரின் சோதனை எண்ணெய் வார்த்தது. ட்யூபிங்கன் நகர அறுவை மருத்துவர் பவுல் ஃபொன் ப்ருன்ஸ், ஈயம் வெளித்தெரியும் குண்டுகளைப் பிணங்கள் மீது சுட்டுப் பார்த்து, காயங்களின் கோரத்தை வெளியிட்டார். அவர் சுட்டது டம் டம் குண்டு அல்ல. அதைவிட அதிகம் ஈயம் தெரியும் மவுசர் வேட்டைக் குண்டு. இதை வைத்து எங்களைக் குற்றம் சாட்டுவது எப்படி என்று பிரிட்டிஷார் கொதித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பெயர் வேறு, காலிபர் வேறு, குண்டின் கட்டமைப்பு வேறு என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுதும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

1899-ல் ஹேக் நகரில் அமைதி மாநாடு கூடியது. அங்கே பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டாக் எழுந்து வைத்த வாதத்தை நீங்கள் ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டும். நாகரிக நாட்டுச் சிப்பாய் சின்னக் குண்டு பட்டால் காயத்தோடு ஆம்புலன்ஸுக்குப் போய்விடுவான், காட்டுமிராண்டி அப்படியில்லை, இரண்டு மூன்று முறை துளைத்தாலும் வந்துகொண்டே இருப்பான், அவனுக்கு வேறு குண்டுதான் வேண்டும் என்பது அதன் சாரம். இயற்பியலைப் பற்றிய ஒரு கேள்விக்கு இனவெறியால் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார் மனிதர். சித்ராலில் குண்டு ஆளை நிறுத்தாமல் போனதற்குக் காரணம் அந்தக் குண்டின் வடிவமும் வேகமும். அதே குண்டு லண்டன்காரன் தொடையில் பட்டிருந்தாலும் அதே துளைதான்.

மாநாடு பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றின் எதிர்ப்பை மீறிப் பிரகடனத்தை ஏற்றது. மனித உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது. எடுத்துக்காட்டாக, கடின உறை உட்கருவை முழுதும் மூடாத குண்டுகள், உறையில் கீறல் போட்ட குண்டுகள். 1907-ல் பிரிட்டனும் இதில் சேர்ந்தது. அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை, நடைமுறையில் ஏறக்குறைய அனுசரித்துப் போகிறது.

இந்த மாநாட்டில் என் மதிப்பைப் பெற்றவர் அமெரிக்கப் பிரதிநிதி கேப்டன் வில்லியம் க்ரோசியர். நீங்கள் ஒரு குறிப்பிட்ட அமைப்பைத் தடை செய்கிறீர்கள். தடை செய்ய வேண்டியது, ஆளைக் களத்திலிருந்து அகற்றத் தேவையான அளவுக்கு மேல் காயம் உண்டாக்குவதை என்றார் அவர். அமைப்பின் பெயரைச் சொல்லித் தடுத்தால், அந்தப் பெயருக்குள் அடங்காத வேறொரு அமைப்பு அதே வேலையைச் செய்யும். அவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் பயந்தது பத்தே ஆண்டில் நடந்துவிட்டது.

1905-ல் ஜெர்மனி கூர்முனைக் குண்டுக்கு மாறியது. எடை 14.7 கிராமிலிருந்து 10 கிராமாகக் குறைந்தது. வேகம் விநாடிக்கு 640 மீட்டரிலிருந்து 850-ஐத் தாண்டியது. தூரம் போகவும் தாழப் பறக்கவும் கூர்முனை உதவும், அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். உடலுக்குள் அது என்ன செய்யும் என்பது கூடவே வந்த விளைவு.

கூர்முனைக் குண்டு முன்பக்கம் மெலிந்து பின்பக்கம் பருத்திருப்பதால் எடை பின்னால் இருக்கும். காற்றில் பறக்கும்போது அதற்கு இயல்பாகவே புரண்டு பின்பக்கத்தை முன்னே கொண்டுவரத்தான் ஆசை. குழலின் திருகுவரிகள் கொடுக்கும் சுழற்சி அதைப் பிடித்து நிறுத்துகிறது. சதையின் அடர்த்தி காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல். அங்கே அந்தச் சுழற்சி போதாது. குண்டு பக்கவாட்டில் திரும்பும், முழு நீளமும் சதையைக் கிழிக்கும், கடைசியில் பின்பக்கம் முன்னாக நின்று பயணத்தை முடிக்கும். எல்லாக் கூர்முனை ராணுவக் குண்டும் இதைச் செய்யும். வித்தியாசம் எவ்வளவு ஆழத்தில் திரும்புகிறது, திரும்பும்போது உடைகிறதா என்பதில்தான்.

பிரிட்டன் 1910-ல் கொண்டுவந்த .303 மார்க் 7 குண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கு முன்னால் விளங்கிவிடும். வெளியே முழு உறை, மூக்கில் ஒரு கீறல் கிடையாது, ஹேக் பிரகடனத்தின் எழுத்துக்கு அப்பழுக்கற்ற கீழ்ப்படிதல். உள்ளே முன்பகுதி மூன்றில் ஒரு பங்குக்கு ஈயம் இல்லை, அலுமினியத் துண்டு. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காதபோது மரக்கூழும் வைத்திருக்கிறார்கள். ஈயம் முழுக்கப் பின்னால். மூக்கு லேசு, வால் கனம். சதைக்குள் போனதும் சட்டென்று புரளும். டம் டம் குண்டைத் தடை செய்த உலகம் இதைத் தடை செய்ய முடியாது, ஏனென்றால் இது விரியவில்லை, தட்டையாகவில்லை. இரண்டு உலகப் போர்களையும் பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் பெரும்பாலும் இந்தக் குண்டோடுதான் நடத்தின.

இதே உத்தியை சோவியத் யூனியன் 1970களில் எடுத்துக்கொண்டது. ஏகே-74-இன் 5.45 மி.மீ. குண்டில் மூக்கின் உறைக்குள் ஒரு சிறு காற்றிடம் இருக்கும். சுமார் 7 செ.மீ. ஆழத்திலேயே புரண்டுவிடும். ஆப்கானிஸ்தானில் முஜாகிதீன்கள் இதை 'விஷக் குண்டு' என்று அழைத்தார்கள். விஷம் எதுவும் இல்லை, சீக்கிரம் புரண்டது, அவ்வளவே.

இவ்வளவு ஆழத்தில் புரளும் என்று செ.மீ. கணக்கில் சொல்ல முடிவதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது மார்ட்டின் ஃபேக்லருக்கு. 1968-ல் வியட்நாமின் டா நாங்கில் அறுவை மருத்துவராக இருந்தவர். குண்டுக் காயங்களைப் பற்றி ராணுவப் பாடநூல்கள் சொன்னதும் தன் மேசைமீது கிடந்த உடல்கள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்பதை அங்கே கண்டார். 1981-ல் சான் பிரான்சிஸ்கோவில் லெட்டர்மன் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் காயங்களை ஆராயும் கூடத்தை அமைத்தார். பத்து சதவீத ஜெலட்டின் கரைசலைக் கட்டியாக உறைய வைத்து 4 டிகிரி செல்சியசில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டியையும் முதலில் பரிசோதிப்பார்கள்: காற்றுத் துப்பாக்கியால் சுட்ட சின்ன எஃகுப் பந்து விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் பட்டால் எட்டரை செ.மீ. ஆழம் போக வேண்டும். அதிகமானாலும் குறைந்தாலும் அந்தக் கட்டி கழிவு. அதற்குப் பிறகுதான் ரைபிள். சுட்டபின் கட்டியை அறுத்து, குண்டு போன பாதை, கிழிந்த இடம், சிதறிய துண்டுகள் என்று அங்குலம் அங்குலமாக வரைபடம் போட்டார். நிரந்தரமாகக் கிழிந்த பாதையையும், ஒரு கணம் பலூன்போல விரிந்து திரும்பி மூடிக்கொள்ளும் தற்காலிகக் குழியையும் தனித்தனியாகக் காட்டினார். தசையும் நுரையீரலும் அந்த விரிவை ஓரளவு தாங்கும். கல்லீரலும் மூளையும் தாங்காது.

அந்த வரைபடங்கள் நம் விவாதங்களைக் கவிழ்த்துவிடும். ஏகே-47-இன் எஃகு உட்கருக் குண்டு சுமார் 26 செ.மீ. ஆழம்வரை நேராகப் போகிறது, அதற்குப் பிறகுதான் திரும்புகிறது. மனித உடலின் பல இடங்களில் அதற்குள் மறுபக்கம் வந்துவிடும். வயிற்றில் பட்ட பல ஏகே காயங்கள் கைத்துப்பாக்கிக் காயம்போல இருந்ததற்கு இதுதான் காரணம். அதே ஏகே-47-இல் யூகோஸ்லாவியா செய்த ஈயக்கருக் குண்டைப் போட்டால் 9 செ.மீ. அளவிலேயே திரும்பிவிடும். துப்பாக்கி ஒன்று, காலிபர் ஒன்று, காயம் இரண்டு.

இதைவிடச் சுவையான உதாரணம் நேட்டோவின் 7.62-இல் இருக்கிறது. அமெரிக்கா செய்த 7.62 குண்டின் செப்பு உறை 0.8 மி.மீ. தடிமன். மேற்கு ஜெர்மனி செய்ததன் எஃகு உறை 0.5 மி.மீ. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரே துப்பாக்கியில் இரண்டையும் போட்டுச் சுடலாம். அமெரிக்கக் குண்டு 15 செ.மீ. போல நேராகப் போய்ப் புரண்டு முழுசாகக் கிடந்தது. ஜெர்மன் குண்டு 8 செ.மீ.யில் புரண்டு, முறிந்து, தன் எடையில் பாதிக்கும் மேல் துண்டுகளாகச் சிதறியது. உறையில் 0.3 மி.மீ. வித்தியாசம்! '7.62 கொல்லும்' என்று சொல்லும்போது இவற்றில் எதைச் சொல்கிறோம்?

இனி 5.56-க்கு வருவோம். காயப்படுத்துவதற்காகவே செய்தார்கள் என்ற கதைக்கு அதன் பிறப்புச் சான்றிதழில் இடமே இல்லை. 1952-ல் அமெரிக்க ராணுவத்துக்காக நார்மன் ஹிட்ச்மன் எழுதிய ஆய்வு, காலாட்படையின் பயனுள்ள ரைபிள் சூடு பெரும்பாலும் 300 கஜத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றது. அவ்வளவு தூரத்துக்குப் பெரிய தோட்டா வீண்சுமை. 1957-ல் ராணுவம் புதிய தோட்டாவுக்கு வைத்த நிபந்தனைகளில், 500 கஜத்தில் எஃகு ஹெல்மெட்டைத் துளைக்க வேண்டும், காயம் ஏற்படுத்தும் திறன் .30 கார்பைனுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. குறையக் கூடாது என்றுதான் கேட்டார்கள். காயத்தோடு நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சின்னத் தோட்டாவின் உண்மையான லாபம் எடை. 7.62×51 (51 என்பது மி.மீ.யில் கூட்டின் நீளம்) தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், 5.56 தோட்டா 12. நூறு தோட்டா தூக்கும் சிப்பாய் அதே சுமையில் இருநூறு தூக்கலாம். எதிர்த்து அடிக்கும் உதைப்பும் பாதிக்கும் குறைவு. வேகமாகச் சுட்டாலும் குறி அவ்வளவு தப்பாது. மலையேறிப் பழகிய எந்த ஜவானைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லுவார்.

கொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. வியட்நாமில் எம்-16 சுட்ட முதல் தலைமுறை 5.56 குண்டு விநாடிக்கு 990 மீட்டர் வேகத்தில் கிளம்பியது. சுமார் 12 செ.மீ. ஆழத்தில் புரண்டு, நடுவில் இருக்கும் வளையக் கோட்டில் முறிந்து, பின்பாதி தூள் தூளாகியது. அதன் காயங்களைப் பார்த்துத்தான் 1970களின் இறுதியில் ஸ்வீடன் முதலிய நாடுகள் சின்னக் காலிபர் குண்டுகளுக்குக் கட்டுப்பாடு கேட்டன. 1980-இன் ஐ.நா. மரபாயுத உடன்பாட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. மனிதாபிமானம் இல்லாத குண்டு என்று உலக அரங்கில் புகார் வாங்கிய அதே சங்கதியை நாம் 'காயப்படுத்த மட்டும்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அது முறிவது வேகத்தை நம்பி. 100 மீட்டரில் இரண்டாக முறியும். 200 மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் முறிவதில்லை. 1980-ல் நேட்டோ ஏற்ற பெல்ஜிய எஸ்.எஸ்.109 குண்டு, 600 மீட்டரில் 3.5 மி.மீ. எஃகுத் தகட்டைத் துளைக்க வேண்டும் என்பதற்காக மூக்கில் எஃகுத் துண்டு வைத்தது. எதிரே வரப்போவது ஹெல்மெட் போட்ட சோவியத் படை என்று எண்ணிச் செய்தது. வந்ததோ 1993 அக்டோபரில் மொகடிஷுத் தெருக்கள். சட்டைகூட இல்லாத மெலிந்த சோமாலியர்களை அந்தக் குண்டு புரளும் முன்னரே துளைத்து வெளியேறுகிறது என்று அமெரிக்கச் சிப்பாய்கள் புலம்பினார்கள். சித்ராலின் அதே புலம்பல்தான். இந்த முறை அடிபட்டவனின் நாகரிகத்தை யாரும் குறை சொல்லவில்லை. அவன் உடலின் தடிமனைச் சொன்னார்கள். அதையாவது அளந்து பார்க்கலாம்.

பிறகு எம்-16-இன் குட்டை வடிவமான எம்-4 வந்தது. குழல் நீளம் 508 மி.மீ.யிலிருந்து 368 ஆகச் சுருங்கியது, வேகம் குறைந்தது, குண்டு முறியும் தூரமும் சுருங்கியது. கிட்டத்தில் சுட்டாலே ஒருவன் உடனே விழுகிறான், இன்னொருவன் விழவில்லை என்ற முரண்பாட்டை ஆராய்ந்தபோது, குண்டு உடலில் படும் கணத்தில் ஓரிரு பாகை சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதே பெரிய வித்தியாசம் செய்கிறது என்று தெரிந்தது. பெட்டி ஒன்று, துப்பாக்கி ஒன்று, விளைவு ஆளுக்கு ஆள் வேறு. அந்தச் சாய்வை நம்பாத குண்டாக 2010-ல் எம்855ஏ1 களத்துக்கு வந்தது: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு முனை, பின்னால் செப்புக் கட்டி, ஈயமே கிடையாது. சட்டத்தின் எழுத்தைப் பொறுத்தவரை, 1990-லேயே அமெரிக்க ராணுவ வழக்கறிஞர் ஹேஸ் பார்க்ஸ், மூக்கில் சிறு துளையுள்ள துல்லியச் சூட்டுக் குண்டு ஒன்றைச் சட்டப்படி சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். துளை தயாரிப்பு முறையால் வந்தது, குறி பிசகாமலிருக்க வைத்தது, விரிவதற்காக வைத்ததல்ல என்பது அவர் வாதம். க்ரோசியர் எங்கிருந்தாலும் சிரித்திருப்பார்.

நம் ஊருக்கு வருவோம். நம் ராணுவத்தின் 5.56 ரைபிளான இன்சாஸ் மீது கார்கில் காலத்தில் எழுந்த புகார்கள் என்ன? குளிரில் மேகசின் விரிசல் விட்டது, சுடும்போது எண்ணெய் முகத்தில் தெறித்தது, இடையில் நின்று போனது. இவை துப்பாக்கியின் குறைகள். நாம் எழுதியது என்ன? '5.56-இல் பலமில்லை' என்று. 2019-ல் 72,400 சிக்-716 ரைபிள்களுக்கு ஒப்பந்தம் ஆனது. 2021 டிசம்பரில் அமேதி அருகே கோர்வாவில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஏகே-203 செய்ய ஒப்பந்தம் ஆனது. 'இந்திய ராணுவம் 7.62-க்குத் திரும்பியது' என்று தலைப்பு போட்டோம். சிக்-716 சுடுவது 7.62×51. ஏகே-203 சுடுவது 7.62×39. ஒன்றின் தோட்டா மற்றதில் ஏறவே ஏறாது. முதலாவதன் ஆற்றல் சுமார் 3,300 ஜூல், இரண்டாவதன் ஆற்றல் சுமார் 2,000, 5.56-க்குச் சுமார் 1,700. கணக்குப்படி ஏகே-203 நிற்பது பழைய இன்சாஸுக்குப் பக்கத்தில்தானே தவிர, சிக்-716-க்குப் பக்கத்தில் இல்லை. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் திருச்சி அசால்ட் ரைபிள் சுடுவதும் இந்த 39-ஐத்தான். ஒரே எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒரே கூடையில் போட்டது நம் தவறு, ராணுவத்தினுடையதல்ல. 2022-ல் அமெரிக்கா 6.8 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்ததும் மார்புக்கவசத்தை மனதில் வைத்து. காலிபர் சண்டையில் யாரும் ஜெயித்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

சினிமா ஆட்களிடம் ஒரு சின்ன வார்த்தை, இந்த மடலை அவர்களும் படிப்பார்கள் என்பதால். ஒன்பதரை கிராம் குண்டு விநாடிக்கு 840 மீட்டரில் வந்து 70 கிலோ ஆளின் உடலில் தங்கினாலும் அவன் பெறும் வேகம் விநாடிக்கு 11 செ.மீ. ஆமை வேகம். குண்டு பட்டவன் பத்தடி பறந்து கண்ணாடியை உடைத்து விழுந்தால், சுட்டவனும் எதிர்ப்பக்கம் பறந்திருக்க வேண்டும்.

காவல்துறை விஷயத்தை விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே எஸ்.எல்.ஆர். பயன்படுத்தப்பட்டதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பதிவு செய்திருக்கிறது. எஸ்.எல்.ஆர். போர்க்களத்துக்குச் செய்த துப்பாக்கி. முழு உறையிட்ட 7.62×51 குண்டு ஒரு மனிதனைத் துளைத்த பிறகும் பின்னால் நிற்பவனைக் கொல்லும் பலத்தோடு போகும். ஹேக் பிரகடனம் நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டுமே பொருந்தும். அதனால்தான் பல நாடுகளின் போலீஸ் கைத்துப்பாக்கியில் விரியும் குண்டே இருக்கிறது, பட்ட உடலிலேயே தங்கட்டும் என்று. நான் அதை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. கூட்டத்தின் நடுவே ராணுவ ரைபிளைக் கொண்டுபோவதையே கேள்வி கேட்கச் சொல்கிறேன். எத்தனை ரவுண்டு சுட்டார்கள் என்று கேட்ட நாம், எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு என்று எத்தனை பேர் கேட்டோம்?

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை துப்பாக்கிக் கொள்முதல் செய்தி வந்தால், காலிபரை எழுதியதோடு நிறுத்தாதீர்கள். தோட்டாவின் கூட்டு நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள். குழல் எவ்வளவு நீளம், கூடவே வாங்கும் குண்டின் உட்கரு ஈயமா எஃகா, ஜெலட்டினில் அது எந்த ஆழத்தில் திரும்பியது என்று பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். துப்பாக்கிச் சூட்டில் பொதுமக்கள் இறந்தால், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் குண்டு உடலில் தங்கியதா வெளியேறியதா என்று இருக்கும். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள். 'காயப்படுத்தச் செய்த குண்டு' என்ற சொற்றொடரைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்